குடல் சுவரில் இரண்டு காயங்கள்

வோலோஸ்,
14 மார்ச் 1971, ஞாயிறு காலை

அன்புள்ள அர்ஜிரிஸுக்கு, அம்மா எழுதுகிறேன்.

உன் தங்கைக்கு இருமல் நின்றுவிட்டது. சமையலறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பது கடிதத்தை முழுக்கப் படித்தால் தெரியும். இதைத் தபாலில் போடவில்லை. உன் மாமா மகன் வாசோஸ் உங்கள் ராணுவ முகாமுக்கு ரொட்டி கொண்டுவரும்போது தருவான். தனியாக இருக்கும்போது படி.

நான்காம் தேதி வியாழன் மதியம் உங்கள் முகாமிலிருந்து என் பிணப் பரிசோதனை மேஜைக்கு ஓர் உடல் வந்தது. மெனெலாஸ் கரூசோஸ், முப்பத்தொரு வயது, அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன், நீங்கள் பிடித்து வைத்திருந்த கைதி. 'டைபாய்டினால் குடலில் ஓட்டை விழுந்து மரணம்' என்று தட்டச்சு செய்த தாளும் கூடவே வந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

உள்ளங்கால்கள் கருநீலமாக வீங்கியிருந்தன. மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. வயிற்றைத் திறந்ததும் இரத்தமும் பித்தமும் மேஜையிலிருந்து வழிந்து என் காலணியை நனைத்தன. உடல் துண்டுகளை மெழுகில் பதித்துச் சிலைடுக்காக மெல்லியதாகச் சீவித் தரும் என் முப்பது வருட உதவியாளர் தியோலோகோஸ் எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா, இது காய்ச்சல்ல செத்தவன் வயிறா? மாடு முட்டினாக்கூட இப்படிக் கிழியாதே" என்றார்.

சாப்பாட்டு மேஜையில் என் வேலையைப் பற்றிப் பேசினால் நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவாய். இன்று ஒரு முறை மட்டும் கேட்டுக்கொள்.

டைபாய்டு ஓட்டை சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பெரும்பாலும் விழும். அங்கே சுவருக்குள் இருக்கும் நிணநீர்த் திட்டுகள் வீங்கி, அழுகி, உடையும். இவனுக்கு அந்தத் திட்டுகள் சுத்தமாக இருந்தன. கிழிசல் சிறுகுடலின் தொடக்கத்தில், முதுகெலும்பின்மேல் குடல் படிந்து கிடக்கும் இடத்தில். கனமான ஒன்று வயிற்றில் இறங்கினால் குடல் எலும்பில் நசுங்கி அங்கேதான் கிழியும். சிலைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கிழிசலுக்குச் சற்றுத் தள்ளி குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நிமிர்ந்து நின்றன. நோயின் சாயலே இல்லை. கிழிசலின் ஓரத்தில் மட்டும் இரண்டு தசை அடுக்குகளும் பிய்ந்து, நடுவில் இரத்தம் தேங்கி, வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. செத்த உடம்பில் வெள்ளணுக்கள் நடந்து வராது, அர்ஜிரிஸ். அவன் உடனே சாகவில்லை. பதினைந்து மணி நேரமாவது உயிரோடு கிடந்திருக்கிறான்.

பெருங்குடலையும் சீவச் சொன்னேன். அங்கே குடலுறிஞ்சிகள் கிடையாது, சளி சுரக்கும் குழிகள் மட்டும்தான். அவற்றின் கீழே இன்னொரு இரத்தக் கட்டு. இரும்புக்கான சாயம் போட்டதும் நீலமாகப் பூத்தது. பழைய இரத்தம் என்று அர்த்தம். நான்கு அல்லது ஐந்து நாள். ஆக, அவனைப் புதன் மாலையில் ஒரு முறையும், அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு முறையும் மிதித்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கு மறுநாள் நீ விடுப்பில் வந்திருந்தாய். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்து வீங்கியிருந்தது. பந்து விளையாடினோம் என்றாய். நான்தான் உப்புத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றினேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் பயற்று சூப்பைக் குடித்தாய்.

அவன் மனைவி ஸ்தமாத்தியா வந்தாள். துணியை விலக்கிக் காலைப் பார்த்ததும் திரும்பி என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. "நீயும் அவனுங்க ஆளுதானடி! உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கத்தினாள். ஒரு மகன், ஒரு மகள் என்றேன். மகன் எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

பத்தாம் தேதி உங்கள் மேஜர் இரண்டு பேரோடு ஆய்வகத்துக்கு வந்தார். சிலைடுகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு பூட்ஸால் அரைத்தார். தியோலோகோஸ் தடுக்கப் போனார். "இந்தக் கைதானே சீவுச்சு, பெருசு?" என்று கேட்டு, கூட வந்த இருவரும் அவர் கையை மேஜை இழுப்பறைக்குள் வைத்து உதைத்து மூடினார்கள். நான்கு விரல்கள். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் என்னைப் பார்த்து, கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

பிறகு மேஜர் என் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். "உங்க பையன் எங்ககிட்டதாம்மா இருக்கான். நல்லா ஒதைக்கிறான்னு பேரு வாங்கியிருக்கான். டைபாய்டுன்னு எழுதிக் குடுத்துடுங்க. இல்லேன்னா எந்தக் கால் மிதிச்சதுன்னும் சேர்த்து எழுத வேண்டி வரும்."

இரண்டு நாள் எழுதவில்லை. சாப்பிடவும் இல்லை. உன்னைப் பெற்றவள் ஒரு பக்கம், அந்த லென்ஸில் பார்த்தவள் ஒரு பக்கம் என்று எனக்குள் இழுத்தது. வெள்ளிக்கிழமை எழுதினேன். இரண்டு காயங்கள், இரண்டு நாட்கள், பதினைந்து மணி நேரம். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை நீதிபதிக்கும், இன்னொன்றை ஸ்தமாத்தியாவிடமும் கொடுத்தேன். கண்ணாடிச் சிலைடுகளை உடைத்தவர்கள் அவன் குடல் துண்டுகள் பதிந்த மெழுகுக் கட்டிகளைத் தேடவில்லை. அவை இப்போது இந்த ஊரில் இல்லை. யார் வேண்டுமானாலும் மறுபடி சீவிப் பார்க்கலாம்.

இனி அவர்கள் உன்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். உத்தரவு கொடுத்தவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அதற்கு முன் நீயே நீதிபதியிடம் போ. யார் சொன்னார், யார் பிடித்துக்கொண்டார், நீ எத்தனை முறை உதைத்தாய், எல்லாவற்றையும் சொல். சிறைக்குப் போவாய். நான் பார்க்க வருவேன், என்னை வெளியே விட்டுவைத்திருந்தால்.

லென்ஸ் எனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. புதன் மாலையிலிருந்து வியாழன் வரை அவன் உயிரோடு கிடந்தான். வயிறு அப்படிக் கிழிந்தவன் தண்ணீர், தண்ணீர் என்றுதான் கேட்டிருப்பான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தார்களா, அர்ஜிரிஸ்? யாராவது ஒரு ஈரத் துணியை அவன் உதட்டில் வைத்தார்களா? அது நீயாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுது. இல்லையென்றாலும் எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

உன் அம்மா,
பொலிக்செனி