வெள்ளைக்காரன் கால்மாட்டில்

காலையில் வாசற்படியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். ஈரக் கருங்கல் வாசனை வந்ததும் உன் வெள்ளைக்காரன் ஞாபகம் வந்தது. பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய்.

தி. நகர் கடையில் நாம் சேலை மடித்த காலத்தில், ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு மயிலாப்பூர் பக்கத்து மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவாய். உன் புருஷனுக்கு நட்ட மரச்சிலுவை மழையில் மக்கிப்போயிருந்தது. மிஞ்சிய ஒரே அடையாளம், பக்கத்தில் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வெள்ளைக்காரனின் பெரிய கல்லறைக் கல். அவன் கால்மாட்டில்தான் உன் ஆள். அதனால் முன்பின் தெரியாத அவனுக்கு முதலில் சோப்புத்தூள் குளியல், பிறகுதான் உன் புருஷனுக்கு மாலை. கல்லில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன்: நல்லவர், நேர்மையானவர், எல்லோருக்கும் பிரியமானவர்.

“செத்தவன எவன்டி திட்டி எழுதுவான்? எங்காளுக்குக் கல்லு வெச்சா, நானும் குடிக்காதவருன்னுதான் எழுதுவேன்” என்றாய்.

ஒரு வருஷம் போனால் கல்லைக் காணோம். எங்கு பார்த்தாலும் ஒரே புல். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று பழைய கற்களையெல்லாம் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்துவிட்டார்கள். கடை மேனேஜரையே நடுங்கவைக்கும் நீ பயந்து நான் பார்த்தது அன்றுதான். ஃபாதரிடம் ஓடினாய்.

“ஃபாதர், என் வெள்ளக்காரன எங்க தூக்கினு போனீங்க?”

அவர் விழித்தார். “அவர் உங்க சொந்தக்காரராம்மா?”

“அவன் யாரோ எவனோ! அவன் கால்மாட்டுல எங்க ஊட்டுக்காரு கீறாரு!”

“கல்லு பத்திரமா இருக்கும்மா.”

“கல்லு பத்திரம். எங்காளு?”

நீ புல்லில் உட்கார்ந்தாய். அந்தக் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தால் வேப்பங்கிளைகளுக்கு நடுவே கோபுரச் சிலுவை தெரியுமாம். தெரியவில்லை. தள்ளி உட்கார்ந்தாய். மறுபடியும் எழுந்தாய். திருநாள் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது. நான் உன்னைத் தெரியாதவள் மாதிரி நின்றேன். கடைசியில் “இங்கதான்!” என்று கத்தினாய். ஃபாதர் குச்சியால் கிளறினார். கல்லுக்கு அடியில் பதித்திருந்த பழைய செங்கல் தட்டுப்பட்டது. நீ ஓவென்று அழுதாய்.

மறுவாரம் ஆட்கள் கல்லைத் தூக்கி வந்தபோது, வீட்டுக்குப் புது பீரோ வந்த மாதிரி “லெப்ட்டு, இன்னும் கொஞ்சம் லெப்ட்டு” என்று வேலை வாங்கியவளும் நீதான்.

இப்போது நீயும் அங்கேயே, உன் ஆளோடு. எங்கள் வீட்டில் யார் போனாலும் பெசன்ட் நகரில் எரித்துக் கடலில் கரைத்துவிடுவோம். அம்மா போனபோது, போய் உட்கார்ந்து அழ எனக்கென்று ஓர் இடம் இல்லை. இப்போது உன்னிடம் வந்து உட்காருகிறேன். உனக்காக அழ ஆரம்பித்தால், அம்மாவுக்கும் சேர்த்து வந்துவிடுகிறது.