பெரிய மெஷினுக்கு இரண்டாவது ஆள்

திருக்காட்டுப்பள்ளி
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மேகலாவுக்கு,

வானதி எழுதுகிறேன். தங்கையன் அண்ணன் வேனில் உங்கள் பட்டறைக்கு வரும் துணி மூட்டையின் நடுவில், நீல லுங்கித் துண்டு வைத்துத் தைத்த மேல்துணிக்குள் இதைச் சொருகியிருக்கிறேன். வேறு யாராவது பிரிப்பதற்குள் நீ பிரித்துவிடு. அப்பாவின் போனிலேயே உன்னிடம் பேசக்கூடாதா என்று அம்மா கேட்கிறாள். போனில் எனக்கு "ம்" தவிர எதுவும் வராது என்று உனக்குத் தெரியும். உங்கள் விடுதியிலும் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களாமே.

நீ தஞ்சாவூர் போனதிலிருந்து தையல் வகுப்பில் உன் இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பாவம், இஸ்திரிப் பெட்டி என்ன செய்யும்.

தஞ்சாவூர்ப் பட்டறையிலிருந்து ஹமீதா பானு அக்கா நம் வகுப்புக்கு வந்து, "ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெரிய மெஷின் கத்துக்க யாரு வர்றீங்க?" என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது உன் கை மேலே இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தினமும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது ஆள் எடுக்கும்போது என் பெயரைச் சொல்வதாக பஸ் ஸ்டாண்டில் சொன்னாய். மறந்துவிடாதே. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதைவிட்டால் வேறு எது வரப்போகிறது?

அந்த மெஷின் எப்படி இருக்கும் என்று முழுவதும் எழுது. கொஞ்சம் குறைத்து எழுதினாலும் பரவாயில்லை, வயிறு எரியாமல் இருக்கும்.

உன்
வானதி


தஞ்சாவூர்
15 ஆகஸ்ட் 2024

என் வானதிக்கு,

உன் கடிதத்தை முதலில் எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டுதான் மூட்டையைப் பிரித்தேன். பயப்படாதே.

மெஷின் என்றால் நம் வகுப்பு மெஷின் மாதிரி இல்லை. பெரிய கட்டில் போல ஒரு இரும்புச் சட்டம். அடியில் பின்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, மேலே நீ ஒட்டுப்போட்டு அனுப்பும் மேல்துணி. மூன்றையும் உருளைகளில் சுற்றி விறைப்பாக நிறுத்திவிடுவார்கள். துணி அசையாது. மெஷின்தான் தண்டவாளத்தில் ஓடும். இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, ஊசியால் படம் போடுவதுபோல நாம் கூடவே நடக்க வேண்டும். நடந்து முடித்தால் மூன்றும் ஒரே போர்வை.

எனக்குத்தான் வரவில்லை. ஒரு இடத்தில் தையல் நெல் மாதிரி விழுகிறது, அடுத்த இடத்தில் எள் மாதிரி. "ஏம்மா, நாய் துரத்துதா உன்ன?" என்று ஹமீதா அக்கா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். குளியலறையில் போய் அழுதேன்.

உன் மேல்துணியை விரித்ததும் அக்கா எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மூலைகூட விலகவில்லையாம். யார் தைத்தது என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பெண் என்றேன்.

உன்
மேகலா


திருக்காட்டுப்பள்ளி
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மேகலாவுக்கு,

ஊர்ப் பெண் என்றாயாமே. என் பெயர் அவ்வளவு நீளமா?

நீ அழுதாய் என்று படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு யோசனை சொல்கிறேன். நாங்கள் நடவு நடும்போது கையையே பார்த்துக்கொண்டு நட்டால் இடைவெளி தப்பிவிடும். கால் பின்னால் போகிற வேகத்துக்குக் கை தானாகப் போகும். பக்கத்து ஆளோடு கதை பேசிக்கொண்டே நட்டால் வரிசை இன்னும் ஒழுங்காக வரும். நீ ஊசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைக்கிறேன். ஊசியை விடு. காலைக் கவனி, வாயில் ஏதாவது பாடு. உன் அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார், நீ வயலில் இறங்கியதே இல்லை, அதனால்தான் சொல்கிறேன். குத்திக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டுகிறேன்.

இரண்டாவது ஆளைப் பற்றிப் பேச்சு வந்ததா?

வானதி


தஞ்சாவூர்
5 செப்டம்பர் 2024

என் வானதிக்கு,

மெஷின் கைக்கு வந்துவிட்டது. பாடிக்கொண்டே நடந்தேன், தையல் முழுக்க ஒரே சீர். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்கடி கத்துக்கிட்ட?" என்றார். "தானா வந்துச்சுக்கா" என்றேன். விளையாட்டுக்குத்தான்.

முதல் போர்வை முடிந்தது. மூலையில் ஒரு சின்னத் துணிச்சீட்டில் என் பெயரை எழுதித் தைத்திருக்கிறார்கள். வெளியூருக்குப் போகிறதாம். அந்தச் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

இரண்டாவது ஆள் பற்றி இன்னும் பேச்சே இல்லை. வந்தால் சொல்லாமல் இருப்பேனா? ஆனால் ஒன்று, நீயும் இங்கே வந்துவிட்டால் மேல்துணியை அங்கே யார் இப்படித் தைப்பார்கள்? யோசித்துப் பார்.

உன்
மேகலா


திருக்காட்டுப்பள்ளி
13 செப்டம்பர் 2024

மேகலா,

தங்கையன் அண்ணன் வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் பெயர்ச்சீட்டைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்திருந்தேன். அந்தப் போர்வையின் மேல்துணி என் கையால் தைத்தது, சீட்டு மட்டும் உன் பெயரில் என்று. ஒரு வாரமாக அதற்கு வார்த்தை தேடினேன். இப்போது அதெல்லாம் சின்ன விஷயமாகிவிட்டது.

சற்று முன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூட்டையை வெளியே தள்ளினேன். தங்கையன் அண்ணன் சிரித்தார்.

"இப்படி ஒளிஞ்சு நின்னா எப்படிம்மா? ரெண்டாவது ஆளா உன்னத்தான் ஹமீதாம்மா கேட்டாங்க. நீ வரமாட்டேன்னுட்டியாமே."

"யாருண்ணே சொன்னது?"

"உன் கூட்டாளிதான். ஆளப் பார்த்தாலே நடுங்குவா, வீட்ட விட்டு வரமாட்டா, விட்டுருங்கக்கான்னு சொல்லுச்சு. நான் அங்கதான் மூட்டை இறக்கிட்டு நின்னேன்."

எப்போது என்று கேட்டேன். போன மாதக் கடைசி என்றார். இந்த மாதம் ஐந்தாம் தேதி பேச்சே இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய்.

நான் நடுங்குவேன் என்பது உண்மைதான். அதை நீ என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அண்ணன் வந்துவிட்டார். பதில் போடு.

வானதி


திருக்காட்டுப்பள்ளி
20 செப்டம்பர் 2024

மேகலாவுக்கு,

ஒட்டுப்போட அங்கிருந்து அனுப்பும் மூட்டை வந்தது. வெட்டுத்துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். உன் கடிதம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மூட்டையோடு நானும் வருகிறேன். அப்பா முதலில் கூடாது என்றார். ஹமீதா அக்காவே போன் செய்து பேசியதும் சரி என்றார். அக்காவுக்குச் சேதி அனுப்பியது நான்தான். தங்கையன் அண்ணன் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், "வர்றேன்". அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. "அங்க போயி பேசுவியாடி?" என்று அம்மா கேட்கிறாள். தெரியவில்லை. கொல்லையில் மாட்டிடம் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது தலையைத் திருப்பிக்கொள்கிறது.

உன்னைக் கேட்டு வரவில்லை. சொல்லிவிட்டு வருகிறேன்.

வானதி


தஞ்சாவூர்
11 அக்டோபர் 2024

மேகலாவுக்கு,

இதை உன் சாப்பாட்டுத் தூக்கில் வைக்கிறேன். ஒரே மெஷினின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டு கடிதம் எழுதுவது நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். வந்த நாளிலிருந்து "இழு", "விடு", "போதும்" தவிர நீ எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இன்று பின்துணியைச் சுற்றும்போது நீ உன் பக்கம் கூடுதலாக இழுத்தாய். நான் என் பக்கம் இழுத்தேன். இரண்டு பேருமே தெரிந்துதான் இழுத்தோம். துணி கோணி, பின்னால் வரிசையாக மடிப்பு விழுந்துவிட்டது. "சண்டைன்னா வெளியில போய் போடுங்கம்மா. துணி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அக்கா சொன்னார். நாம் எதிரெதிரே உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். மத்தியானச் சாப்பாடுகூட இல்லை.

பிரித்து முடித்து மறுபடி சுற்றிய பிறகு அக்கா என்னை ஒரு வரிசை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். "இவ கை நேத்து கத்துக்கிட்ட கை மாதிரியா இருக்கு?" என்றார். அப்போது நான் துணியைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் உதடு மட்டும் சிரித்தது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். நீ தஞ்சாவூர் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் காலையில் அதைத்தான் பார்த்தேன்.

முன்பென்றால் உன்னை அப்படிப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்கும். வரும் என்று காத்துக்கொண்டும் நின்றேன். வரவில்லை. உனக்குத் தலைவலி என்று யாராவது சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. உன் தையலில் வளைவுகள் என்னுடையதைவிட அழகாக விழுகின்றன, பார்த்தாலே எரிகிறது. எதுவும் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

இதற்குப் பதில் எழுதாதே. எழுத்தில் நீ நன்றாகப் பொய் சொல்கிறாய். அக்காவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று நாளைக்குத் துணியைச் சுற்றும்போது வாயால் சொல். நான் எதிரில்தான் நிற்பேன்.

வானதி