பூட்டிய நெடுவரிசை

திங்கள், காலை 9.10
இந்த மென்பொருளை அடுத்துத் திருத்தப்போகிறவருக்கு: இந்த நோட்டில் கையால் எழுதிவைக்கும் என் பெயர் கிரேஸ்லின். தூத்துக்குடிக் கடலில், முப்பத்தெட்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஆய்வு நிலையத்தின் கணினிகள் என் பொறுப்பு. என்னோடு இருப்பது ஒரே ஒருவன், முக்குளிப்பவன், கீழக்கரை முபாரக்.

பிழை: காற்று அட்டவணை ஒரு நிலையில் நிற்பதில்லை. வரிசைக்கு ஓர் அறை. நெடுவரிசைகளில் ஆக்சிஜன், கரியமில வாயு, வெப்பம். விநாடிக்கு ஒருமுறை எண்கள் மாறுகின்றன. மாறும்போதெல்லாம் நெடுவரிசைகள் தாமாக அகன்று சுருங்குகின்றன. பார்த்தால் கண் வலிக்கிறது என்கிறான் முபாரக்.

காலை 11.40
சரிசெய்துவிட்டேன். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இப்போதைய எண் கச்சிதமாக அடங்கும் அகலத்தைக் கொடுத்துப் பூட்டினேன். எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். கரியமில வாயு எல்லா அறையிலும் ஐந்து மில்லிபாருக்குக் கீழே. பத்தைத் தாண்டினால்தான் கவலை. அட்டவணை இப்போது அசையாமல் அழகாக இருக்கிறது.

செவ்வாய், காலை 8.00
இரவு கடல் கொந்தளிப்பில் கப்பலுக்குப் போகும் தரவுக் கம்பி அறுந்துவிட்டது. தொலைபேசி மட்டும் வேலை செய்கிறது. காற்று கெட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் ஈரம் இறங்கிப் பழுதாகிவிட்டது. மாற்று மணி வியாழக்கிழமை வரும். அதுவரை நான்கு மணி நேரத்துக்கொருமுறை எண்களை வாசித்துச் சொல்ல வேண்டும். மேலே கப்பலில் கேட்பவர் மச்சாது அண்ணன், முக்குளிப்பு மேற்பார்வையாளர்.

“எல்லாம் அஞ்சுக்குக் கீழதான் அண்ணே.”
“சரி தங்கச்சி. மணி வர்ற வரைக்கும் அந்த டேபிள்தான் நமக்குக் கண்ணு, பாத்துக்கிடுங்க.”

பகல் 12.15
எண்கள் வாசித்தாயிற்று. எல்லாம் ஐந்துக்குக் கீழே. தலை வலிக்கிறது. முபாரக்குக்கு என்னைவிட மோசம். மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிற்பகல் 2.30
புதுப் பிழை. கரியமில வாயு அதிகமுள்ள அறை மேலே வரும்படி வரிசைப்படுத்தினேன். படுக்கை அறை 3.1, முதலிடம். நான் இருக்கும் கூடம் 4.8, இரண்டாமிடம். தலைகீழாக இருக்கிறது. எண்ணை எழுத்தாக நினைத்து ஒப்பிடுகிறதோ என்று பார்த்தேன். அப்படி ஒப்பிட்டாலும் நான்குதானே முதலில் வரவேண்டும்? நிரலில் ஒரே வரியை நாலு தடவை படித்துவிட்டேன்.

பிற்பகல் 3.05
வரிசைப்படுத்தும் பகுதியை அழித்துத் திரும்ப எழுதினேன். அதேதான் வருகிறது. வியர்க்கிறது. உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது. முபாரக்கை எழுப்பிக் கேட்கலாம். வேண்டாம். தூங்கட்டும்.

பிற்பகல் 3.20
மச்சாது அண்ணன் நேரத்துக்கு முன்பே கூப்பிட்டார். பேசியதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மறந்துபோகலாம்.

“என்ன தங்கச்சி, ஓடி வந்த மாதிரி இப்படி இரைக்குது?”
“உக்காந்துதான் இருக்கேன் அண்ணே. டேபிள்ல வரிசை தப்பா வருது. 3.1 மேல நிக்குது, 4.8 கீழ நிக்குது.”
“முபாரக் எங்க?”
“தலைவலின்னு படுத்திருக்கான்.”
நான் சொன்ன இரண்டு எண்களையும் அவர் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார்.
“தங்கச்சி, வரிசை சரியா இருந்து, நம்பர் தப்பா இருந்தா?”

பிற்பகல் 3.24
பூட்டை எடுத்தேன். நெடுவரிசையின் இடப்பக்கக் கோட்டைப் பிடித்து இழுத்து அகலமாக்கினேன். மறைந்திருந்த முதல் இலக்கம் வெளியே வந்தது.
கூடம் 24.8.
படுக்கை அறை 73.1.

பிற்பகல் 4.35
நடந்தது: அவசர மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஓடினேன். படுக்கை அறை விசிறி நின்றிருந்தது. காற்றைச் சுத்தம் செய்யும் சுண்ணாம்புப் பெட்டி நனைந்து கட்டியாகிக் கிடந்தது. முபாரக்கைத் தோளைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். வாயில் நுரை. உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தினேன். ஆக்சிஜன் கொடுத்தேன். திரும்ப அழுத்தினேன்.

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறேன்.
“நான் எண்ணுதேன், நீங்க அமுக்குங்க. விட்டுராதீங்க தங்கச்சி. ஆளுங்க இறங்கிட்டாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க.”

திருத்தப்போகிறவருக்கு: வரிசைப்படுத்தலில் பிழை இல்லை. அதைத் தொடாதீர்கள். அகலத்தைப் பூட்டியது நான். திங்கட்கிழமை எண்களுக்கு அளவெடுத்துப் பூட்டினேன். ஓர் இலக்கம் கூடினால் எங்கே போகும் என்று

பிற்பகல் 4.50
உடம்பு குளிர்ந்துவிட்டது.

அவன் கண்ணை மூடிவிட்டேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள்.

மச்சாது அண்ணன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. குரல் கம்மிவிட்டது, ஆனாலும் விடவில்லை. நான் கையை எடுத்துக் கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.