தெப்பத்தின் பின்பக்கம்

24-1-1981, சனி இரவு.

விடிந்தால் பெரிய குளத்தில் விரால் தூண்டில் போட்டி. தெப்பம் இல்லாதவன் இன்னொருவன் தெப்பத்தில் பின்னால் உட்கார்ந்து போடலாம். என் அக்கா மகன் முருகன் லாரி ட்யூப்பில் தெப்பம் கட்டியிருக்கிறான். அதன் பின்பக்கத்துக்குச் சக்கரவர்த்தி நான்தான் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க முழங்கியிருந்தேன். வீட்டில் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஆடாமல் உட்காரவும் பழகினேன். பின்னால் இருப்பவன் தூண்டில் கம்பு முன்னால் இருப்பவன் மண்டையில் இடிக்கக் கூடாதே என்று, ஆகாயத்தையே குத்தும் என் மூங்கில் கம்பை இன்று காலையில் பாதியாக அறுத்தேன்.

சாயந்திரம் முருகன் வந்தான்.

"மாமா, ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய. நாளைக்கு எம் மச்சான் பின்னால இருக்கட்டும். நீங்க வாய மூடமாட்டிய. விரால் பூராவும் தென்காசிக்கு ஓடிப்போயிரும்."

"ஏலே, நான் வந்தா குளத்துல ஒரு மீன் மிஞ்சாது. உன்னப் பாத்தா பாவமா இருந்துச்சு. வரலன்னு நானே சொல்லணும்னு இருந்தேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இரைக்குப் பிடித்து வைத்திருந்த தவளைகளைப் பானையோடு கொடுத்தனுப்பினேன்.

"கரையில நின்னு போடுங்களேன்" என்கிறாள் வீட்டுக்காரி. அறுத்த கம்பு கரையிலிருந்து என் நிழலைக்கூடத் தாண்டாது.

வாயை மூடிக்கொண்டு வாருங்கள் மாமா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பொழுதடையும்வரை ஊமையாக உட்கார்ந்திருப்பேன்.