மும்தாஜுக்கு ஸ்கோர் சொன்னது

ஏப். 10, வெள்ளி

காலை எட்டு மணிக்கே மொட்டை மாடித் தரை சுடுது. வடாம் போடலாம்னு ஏறினேன், செருப்பை எடுத்துவர இறங்கினேன், திரும்ப ஏறவில்லை.

மத்தியானம் அரக்கோணம். மும்தாஜைப் பார்க்க. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தாள். இதயத்தில் ஸ்டென்ட். ஆறு கிலோ இளைத்திருக்கிறாள், வாய் மட்டும் இளைக்கவில்லை. "இன்னாடி, சாவு வூட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வெச்சுகினு?" என்றாள். அழுதுவிடுவேனோ என்று பயந்து ஆப்பிளைக் கழுவப் போய்விட்டேன்.

கிளம்பும்போது அவள் பையன் ரியாஸ் வாசல்வரை வந்தான். மெக்கானிக் ஷெட்டுக்கு ஒரு வாரமாகப் போகவில்லை, தாடி வளர்ந்திருக்கு.

"ஆன்ட்டி, கோச்சுக்காதீங்க. அம்மா இனிமே மேட்ச் பாக்கக்கூடாது. டென்ஷன் ஆகக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. கேபிள கழட்டிட்டேன். நீங்களும் ஸ்கோர் கீர் ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆங், சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. திருத்தணிவரை அதையே யோசித்தேன். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மேஜைக்கடியில் அவள் டிரான்சிஸ்டர். மேட்ச் அன்றைக்குப் பாதி ஊர் எங்களுக்குப் போன் போட்டு ஸ்கோர்தான் கேட்கும். அவளுக்குச் சுழல் பந்து போடுகிறவன் உசிர், எனக்கு அடிக்கிறவன். ஒரு தடவை என் ஆள் டக் அவுட். அவள் சிரித்தாள். பதினோரு நாள் பேசவில்லை. ஒரே ஹெட்போன் பெட்டியைப் பகிர்ந்துகொண்டு, பேசவில்லை!

வாங்க வேண்டியது: கடுகு, துணி சோப், இவருக்கு பனியன் 2.

ஏப். 12, ஞாயிறு

மேட்ச் மூன்றரைக்கு. நம்ம சென்னை டீம். தனியாகப் பார்த்தேன். இவருக்குக் கிரிக்கெட் என்றால் ஜெயித்தது யார் என்று கடைசியில் கேட்பது மட்டும்தான்.

ருசிக்கவில்லை. சிக்ஸர் போச்சு, பக்கத்தில் யாரையும் கிள்ள முடியவில்லை.

அஞ்சே காலுக்குப் போன். மும்தாஜ் நம்பர். எடுத்தேன். குரலை மாற்றிக்கொண்டு, "ஹலோ எக்ஸ்சேஞ்சா? ஸ்கோர் இன்னாங்க?"

ரியாஸ் எங்கேடி என்றேன். மருந்துக் கடைக்குப் போயிருக்கானாம், இவள் பாத்ரூமில் இருக்காளாம்.

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் பழகிப்போனது. "நம்பர் ப்ளீஸ்" என்றது. அவள் சிரித்த சிரிப்பில் பாத்ரூம் எதிரொலித்தது.

அப்புறம் அஞ்சு தடவை கூப்பிட்டாள். நான் மெதுவாக, பதறாமல், வானிலை வாசிக்கிற மாதிரி சொன்னேன். அடுத்தடுத்த பந்தில் இரண்டு விக்கெட் விழுந்தபோது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரை போட்டியா, கஞ்சி குடிச்சியா என்று கேட்டேன்.

"ரெண்டாவது விக்கெட்டும் போச்சா?"

"கஞ்சியில உப்பு போடலதானே?"

"டீ வசந்தி. ரெண்டுன்னா ரெண்டுன்னு சொல்லு. நான் ஒண்ணும் சாவல."

ஜெயித்தோம். ஆனால் கடைசி ஓவர் முழுக்க நான் டிவியைப் பார்க்கவே இல்லை. போனில் அவள் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப். 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. மலைக்கு ஏறுகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டு தாண்டி நிற்கிறது. போகவில்லை, முட்டி வலி. கீழிருந்தே கும்பிட்டாச்சு. வேப்பம்பூ பச்சடியில் வெல்லம் அதிகம்.

பத்து மணிக்கு ரியாஸே வந்துவிட்டான், பைக்கில். அவள் பட்டன் போனில் கால் லிஸ்ட் பார்த்திருக்கிறான். உட்கார மாட்டேன் என்றான்.

"நீங்களே இப்படிப் பண்ணா எப்படி ஆன்ட்டி? அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல அம்மா கைய புடிச்சுகினு போனது நானு."

அவன் குழந்தையாய் இருக்கும்போது எக்ஸ்சேஞ்ச் நாற்காலியில்தான் தூங்குவான். இப்போது கண் கலங்கி நிற்கிறான். தப்புதாம்ப்பா, இனி சொல்லமாட்டேன் என்றேன். பச்சடியாவது சாப்பிட்டுப் போ என்றதற்கு உட்கார்ந்தான். இரண்டு கிண்ணம்.

போன பிறகு இவர், "அந்தப் பையன் சொல்றதும் நியாயம்தானே" என்றார். நியாயம்தான். அதுதான் கஷ்டமாக இருக்கு.

ஏப். 19, ஞாயிறு

கரண்ட் இரண்டு முறை போச்சு. மேட்ச் மூன்றரை.

போனை அணைத்து அரிசி டப்பா மேல் வைத்தேன். அவள் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. டிவியில் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். அவள் போன் போட்டுப் பார்த்திருப்பாள், கோபப்பட்டிருப்பாள் என்றே மனசு. ஸ்கோர் என்ன என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அஞ்சரைக்கு இவர் போன் அடித்தது. ரியாஸ்.

"ஆன்ட்டி, ஸ்கோர் இன்னா?"

"என்னப்பா ஆச்சு அம்மாவுக்கு?"

"ஒண்ணும் ஆவல. பிரஷர் பாத்தேன், நூத்தம்பத்தெட்டு. ஸ்கோர் தெரியாம உக்காந்துகினு செவுத்தையே பாக்கறாங்க. வசந்தி போன எடுக்கல, அவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு ஒரே புலம்பல். டாக்டருக்குப் போன் போட்டேன், பக்குவமா சொல்லச் சொல்லுங்கன்னாரு. இந்தாங்க, பேசுங்க."

பேசினேன். முதலில் திட்டு, முழுசாக வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஸ்கோர். தோற்றுக்கொண்டிருந்தோம், அப்படியே சொன்னேன். அரை மணி கழித்து ரியாஸ் பின்னாலிருந்து கத்தினான்: நூத்தி முப்பத்திரண்டு! நான் ரன் என்று நினைத்துவிட்டேன். பிரஷராம்.

ஏப். 26, ஞாயிறு

செக்கப்பில் டாக்டர் மேட்ச் பார்க்கலாம் என்றுவிட்டார், மூச்சு வாங்கினால் உடனே அணைக்கணும். கேபிள் வந்துவிட்டது. ஒன்றரை மணி ரயிலில் அரக்கோணம். தயிர் சாதம், மாவடு கொண்டுபோனேன் (அவளுக்கு மாவடு கூடாது, உப்பு. முகர்ந்து பார்த்தாள்).

கடைசி ஓவர். நம்ம பந்துவீச்சு. எதிர் டீமுக்கு ஏழு ரன் வேணும். பவுண்டரியில் நின்ற புதுப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, லட்டு மாதிரி கையில் விழுந்த கேட்சை விட்டான். தோற்றோம்.

நான் மும்தாஜைத்தான் பார்த்தேன். இதே மாதிரி ஒரு கேட்சை விட்டவனுக்கு அந்தக் காலத்தில் இன்லேண்ட் லெட்டர் வாங்கி, "வளையல் வாங்கி அனுப்பட்டுமா" என்று எழுதிப் பேர் போடாமல் தபாலில் சேர்த்தவள் இவள். பசையை நாக்கால் நனைத்து ஒட்டியது நான்.

டிவியில் அந்தப் பையன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அழாதடா கண்ணு," என்றாள் டிவியைப் பார்த்து. "இவன் அம்மா பாத்துகினு இருப்பாளேடி. ராத்திரி எங்க சாப்புடப் போறான்."

"சாப்பிட மாட்டான்," என்றேன்.

இரண்டு பேரும் அழுதோம். யாருக்கு என்று கேட்டால் தெரியாது. அந்தப் பையனுக்கு மட்டும் இல்லை.

ரியாஸ் கடைசி ஓவர் முழுக்க ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மும்தாஜுக்கு நூத்தி இருபத்தெட்டு. சும்மா உனக்குப் பாருடா என்று அவன் கையில் கட்டினோம். நூத்தி அறுபத்திரண்டு. மூஞ்சியைப் பார்க்கணுமே அவன் மூஞ்சியை.

ஏழு ஐம்பது ரயிலுக்குக் கிளம்பினேன். வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடக்காதே என்றால் கேட்டால்தானே.

"நாளைக்கு வா."

"நாளைக்கு நம்ம மேட்ச் இல்லடி."

"தெரியும். வா."