சவுக்கு முட்டுக்குக் கட்டிய தோரணம்

சார்,

எதிர் வீட்டில் தளம் போட்டு ஈரச் சாக்கு பரப்பியிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை. உடனே நீங்கள் என் கண்முன் வந்து நின்றுவிட்டீர்கள், காலருக்குள் செருகிய கைக்குட்டையோடு.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் அந்தத் தொழிற்சாலை எழும்பிய எண்பதுகளின் தொடக்கம். கணக்கும் வரைபடமும் உங்களுடையவை, கான்ட்ராக்ட் என்னுடையது. வாசலில் தூணே இல்லாமல், கார் வந்து நிற்குமளவு நீட்டிய முகப்புத் தளம்தான் உங்கள் பெருமை. அதில் மயங்கித்தான் பக்கத்து மனையில் வரப்போகும் ஆலையையும் உங்களுக்கே தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

திறப்பு விழாவுக்குச் சில நாள்தான் இருந்தது. தளத்தைத் தாங்கிய சவுக்கு முட்டுகளைப் பிரிக்க மேஸ்திரி கபாலி கிளம்பிவிட்டார். அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தீர்கள். நீங்கள் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கபாலி, கை வைக்காதே!"

"இன்னா சார், கல்லு மாதிரி கீது. இன்னும் இன்னாத்துக்கு முட்டு?"

தள விளிம்பில் கம்பெனிப் பெயர் எழுத ஒரு சுவர் வேண்டுமென்று முதலாளி பாதி வேலையில் கேட்டிருந்தார். அந்தச் சுவரின் பாரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தீர்கள். முட்டுகளை எடுத்தால் முகப்பு தாங்காது.

உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நடுவுல சுவரு கேட்டது அவர்தானே சார்? அவர் மேலயே போட்டுடுங்க" என்றேன்.

"கேட்டது அவரு. சரின்னு தலையாட்டினது நான், சூசை."

முதலாளி அறையில், கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னீர்கள். "தப்பு என்னோடது. முன்னால ரெண்டு தூண் வரணும். அதுவரைக்கும் முட்டு நிக்கட்டும்." அவர் குதித்தார். கம்பெனிக்கு வைத்தது அவருடைய அப்பா பெயர், அது எழுதிய சுவரை இடிக்கவும் விடமாட்டார். அடுத்த ஆலை அங்கேயே உங்கள் கையை விட்டுப் போனது.

விழாவன்று முட்டுகளுக்கு வாழைமரமும் தோரணமும் கட்டியது கபாலியின் யோசனை. வந்தவர்கள் பந்தல் என்றே நினைத்தார்கள். "பந்தல்காரன் யாருப்பா? ஜோரா போட்டுக்கிறான்" என்று ஒரு பெரியவர் கேட்க, நீங்கள் கையைத் தூக்கினீர்களே! அந்த நிலையிலும் உங்களுக்கு விளையாட்டு. எனக்குத்தான் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அதன் பிறகு எத்தனையோ இன்ஜினியர்களோடு வேலை பார்த்துவிட்டேன். ஏதாவது கோளாறு என்றால் முதல் திட்டு மேஸ்திரிக்குத்தான். தன் தப்பைச் சொல்ல ஓடி வந்த இன்னொருவரைப் பார்க்கவில்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். ஷிப்ட் முடிந்த பெண்கள் உங்கள் தூண்களில் சாய்ந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். உயிரோடு இருந்தவரை அந்தப் பக்கம் வந்தாலே தலையைத் திருப்பிக்கொள்வீர்கள். ஒரு தடவை பார்த்திருக்கலாம், சார்.

முட்டுப் பிரிக்கும் முன் எங்கேயும் ஒரு கேள்வி கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று எதிர் வீட்டு மேஸ்திரியிடமும் போய்க் கேட்டேன். "நடுவுல ஏதாவது சேத்தீங்களா?"

கொஞ்சம் யோசித்தான். "மேல தண்ணித் தொட்டியைப் பெருசாக்கச் சொல்லிக்கிறாரு வூட்டுக்காரரு."

இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை முட்டில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.