இரண்டு மாரியம்மாள்கள்

அன்பு மாறாத என் மதினிக்கு,

அண்ணனுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பேரை எடுத்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

தாயில்பட்டியில் பட்டாசுக்குத் திரி செருகிய கூலியில்தான் என்னை நர்ஸுக்குப் படிக்க வைத்தீர்கள். கம்பெனி வெடித்த அன்று நான் பிரசவ வார்டில் டூட்டி. சேதி கேட்டுத் தீக்காய வார்டுக்கு ஓடினேன். வீங்கிக் கருகிய முகங்களில் உங்களை எப்படித் தேடுவேன்? உங்கள் பேரிலேயே, மாரியம்மாள் என்று, இரண்டு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கட்டிலில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு மாரியம்மாளைத் தேடி வந்த அவர் கணவர் அந்தக் கட்டில் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு அலறினார்.

“சிஸ்டர், இது எங்க வீட்டு ஆளு இல்லங்க! அவளுக்குக் கால்ல ஆறு விரலு!”

நானும் கால்களைப் பார்த்தேன். உங்கள் மெட்டி. ஏறிக்கொண்டிருந்தது அந்த இன்னொரு மாரியம்மாளுக்கு வந்த ரத்தம். ஓடிப்போய்க் குழாயை மூடினேன். அதற்குள் பாதிப் பை உங்கள் உடம்புக்குள் போயிருந்தது.

மறுநாள் நீங்கள் இல்லை. உங்களைக் கொண்டுபோனது தீயா, அடுத்தவருக்கு உரிய அந்த ரத்தமா? எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஆஸ்பத்திரியில் தர மேம்பாட்டுக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். நானே போய்ப் பேர் கொடுத்தேன், தீக்காய வார்டுக்கும் மாறிக்கொண்டேன். யாரைத் தண்டிப்பது என்று அங்கே பேசவில்லை. இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் பேசினோம். நோயாளியின் கையில் பேர் எழுதிய பட்டை கட்டிப் பார்த்தோம். வெந்த கையில் கட்ட முடியவில்லை. காலுக்கு மாற்றினோம். மருந்து பட்டு எழுத்து அழிந்தது, பேனாவை மாற்றினோம். ரத்தம் ஏற்றும் முன் இரண்டு நர்ஸ்கள் நின்று, ஒருவர் பேரையும் ஊரையும் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்தோம். ஒருநாள் அப்படிப் படிக்கும்போதே தப்பான பை ஒன்று பிடிபட்டது, மதினி. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உங்களுக்கு ஏன் இது வாய்க்கவில்லை?

குழுவை நடத்திய டாக்டருக்கு மாறுதல் வந்தது. கூட்டம் நின்றது. பட்டை தீர்ந்தது, யாரும் வாங்கவில்லை. தீபாவளி சீசனில் பட்டாசு விபத்துகள் கூடும் நேரத்தில் வார்டுக்கு ஒரே நர்ஸ். நான் படித்தால் சரிபார்க்க யார் இருக்கிறார்கள்? புதிதாக வந்த அதிகாரியிடம் கேட்டேன்.

“அம்புட்டுப் பேரு வந்து கெடக்கும்போது பட்டை கட்டிக்கிட்டு நிக்கவாம்மா முடியும்?” என்றார்.

போன வாரம் அச்சங்குளம் பக்கம் இன்னொரு கம்பெனி வெடித்தது. கட்டுத் துணியைக் கிழித்துப் பேர் எழுதி, நான் ஒருத்தியே கால்களில் கட்டினேன். ஒரு அம்மாவிடம் பேர் கேட்டேன்.

“எம் பேரு எதுக்குத் தாயி? எம் புள்ளைகளுக்குச் சொல்லி விடுங்க” என்றார்.

பேரைக் கேட்டு வாங்கிக் காலில் கட்டி, அவருக்குச் சரியான ரத்தத்தைத்தான் ஏற்றினேன். இருந்தும் விடியுமுன் போய்விட்டார்.

அண்ணன் இன்னமும் பட்டாசுக்கு மருந்து கலக்கும் வேலைக்குத்தான் போகிறான். வேறு என்ன வேலை இருக்கிறது இங்கே? ஆம்புலன்ஸ் வரும்போதெல்லாம் என் கண் முதலில் கால்களுக்குத்தான் போகிறது.

இன்னும் எத்தனை காலம் தாங்குவேன் என்று தெரியவில்லை, மதினி. ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். ரத்தப் பையை மாட்டும் முன், எதிரே ஆள் இல்லாவிட்டாலும், பேரையும் ஊரையும் நான் சத்தமாகப் படிப்பேன். படுத்திருப்பவர் காதிலாவது விழட்டும்.

உங்கள் நாத்தனார்,
காளீஸ்வரி